கோவா வேரில் வந்த கழலை

மகள் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படிக்கக் கற்றவள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் திருத்தித்தான் எழுதுவாள், அது பரவாயில்லை. ஆனால் நான் செய்த தப்பைக் குறைத்து எழுதக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நானும் என் வீட்டுக்காரரும் ஹந்தானை மலைப்பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்தில் எட்டு வருஷம் வேலை செய்தோம். கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி வந்த வருஷங்கள் அவை. முதலில் இரண்டு செடியில் பார்த்தோம், பிறகு ஒரு சரிவில், பிறகு மலை முழுவதும். துரைமார் எதையெல்லாமோ தூவிப் பார்த்தார்கள். இலையைப் பிடுங்கி எரிக்கச் சொன்னார்கள். ஒன்றுக்கும் அது அடங்கவில்லை. பழம் பறிக்க ஆள் வேண்டாம் என்று ஆனபோது கங்காணி எங்கள் பெயரை வெட்டினார். கடல் கடந்து ஊருக்குத் திரும்பிய கூட்டத்தோடு போக எங்களுக்கு மனமில்லை. ஊரில் எங்களுக்காக யாரும் அடுப்பு மூட்டி வைத்திருக்கவில்லை. மலையை விட்டு இறங்கி அம்பிட்டியவுக்கு வந்தோம்.

அங்கே ஒரு சிங்கள அம்மா, கணவரை இழந்தவர், தன் வீட்டுக்குக் கீழே கிடந்த சரிவைப் பாதி விளைச்சலுக்கு எங்களிடம் விட்டார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். சந்தையில் பழகிய தமிழ் அவருக்கு வரும். நிலத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. மேலே அம்மாவின் வீடும் அதைச் சுற்றி இருபது முப்பது கோப்பிச் செடியும். வீட்டைத் தொட்டுக்கொண்டு ஒரு சின்ன வாய்க்கால் இறங்கும். அது எங்கள் பாத்திகளுக்குள் புகுந்து, எங்களுக்கும் கீழே அம்மா தனக்கென்று வைத்திருந்த கடுகுப் பாத்திக்குப் போய், கடைசியில் வயலில் விழும். அவர் வீட்டுத் தண்ணீர் எங்களுக்கு வரும், எங்கள் தண்ணீர் அவருடைய கடுகுக்குப் போகும்.

முதல் வருஷம் கோவா, அதுதான் முட்டைக்கோஸ், நன்றாக வந்தது. இலைகள் ஒன்றையொன்று இறுக்கிக் கட்டி, தட்டினால் கெட்டியாகச் சத்தம் கேட்கும். கட்டுகஸ்தோட்டையில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி மாட்டு வண்டியில் வந்து கூடைகளை ஏற்றிப் போவார். மலை பங்களாக்களுக்கும், பேராதனை ஸ்டேசனிலிருந்து ரயிலில் கொழும்புக்கும் அவர்தான் அனுப்புவார். அவரை நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். விதையும் அவர்தான் கொண்டுவந்து தந்தார்.

இரண்டாம் வருஷம் நானாவின் விதை வந்து சேரத் தாமதமானது. மழை தொடங்கிவிட்டது, பாத்தி காலியாகக் கிடந்தது. என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, நாங்கள் முன்பு இருந்த மலையிலேயே ஒரு பங்களாவில் காய்கறித் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறிப் போய் அவரிடம் நாற்றுக் கேட்டேன். வேரில் மண்ணோடு சேர்த்து இரண்டு கூடை நிறையத் தந்தார். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று வைத்துக்கொண்டு சந்தோஷமாக இறங்கி வந்தேன். நான்கு பாத்தியில் மூன்று நிறைந்தது. பிறகு விதை வந்ததும் முளைக்கப்போட்டு, அந்த நாற்றை மேலே மிச்சமிருந்த ஒரு பாத்தியில் நட்டோம்.

ஆறு வாரம் போல ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் நடுப்பாத்தியில் செடிகள் துணியைப் போட்டது போலத் தொங்கிக் கிடந்தன. வெயில் அதிகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் நிமிர்ந்து நின்றன. மறுநாள் மத்தியானம் மறுபடி தொங்கின. இன்னும் அதிகமாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு சாயங்காலமும் நிமிரவில்லை. அடி இலை மஞ்சளாகி, ஓரம் ஊதா நிறமாகி, கட்ட வேண்டிய குருத்து விரிந்தபடியே நின்றுவிட்டது.

இலையில் புழு இல்லை. தண்டில் ஓட்டை இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. நல்ல கோவா அப்படி வராது, மண்ணைப் பிடித்துக்கொண்டு சண்டை போடும். வேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீங்கின கை இருந்தது. இஞ்சிக் கிழங்கு போல, அதைவிடப் பருத்து, விரல் விரலாகப் பிரிந்து, கழுத்தில் கழலை வந்தவர்களின் கழுத்தைப் போல வழவழவென்று. இன்னொன்றைப் பிடுங்கினோம், அதிலும் இருந்தது. மூன்றாவது அழுகத் தொடங்கியிருந்தது. அந்த நாற்றம் இன்றைக்கும் எனக்கு நினைவிருக்கிறது.

"கோப்பிய முடிச்சது நம்ம பின்னாலயே வந்துருச்சு," என்றார் அவர்.

எனக்கும் அதே பயம்தான். கோப்பி நோய் எப்படிப் பரவியது என்று கண்ணால் பார்த்தவர்கள் நாங்கள். அது வந்த பிறகு மனிதன் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதையும் பார்த்தவர்கள். இங்கேயும் பெயர் வெட்டப்பட்டால் இறங்கிப் போவதற்கு இனி மலை இல்லை.

அவர் அதைச் சூனியம் என்று முடிவு செய்தார். யாரோ செப்புத் தகடு புதைத்திருப்பார்கள் என்று சொல்லி மண்வெட்டியை எடுத்து நடுப்பாத்தியின் நான்கு மூலையையும் தோண்டினார். பிறகு அதே மண்வெட்டியோடு மேல் பாத்திக்குப் போய் அங்கேயும் தோண்டினார். ஒன்றும் கிடைக்கவில்லை. பிடுங்கின செடிகளை அம்மாவின் பசுவுக்குக் கொஞ்சம் போட்டார், மிச்சத்தை எருக்குழியில் தள்ளினார். அன்றைக்கு நாங்கள் செய்த ஒவ்வொன்றும் அந்த நோய்க்கு உதவியாகத்தான் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் சூனியம் என்று நம்பவில்லை. நான் நம்பியது அதைவிட மோசம். அம்மா தினமும் காலையில் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வாய்க்காலில் கவிழ்ப்பதைப் பார்த்திருந்தேன். அந்தத் தண்ணீர் நேராக எங்களிடம் வருகிறது. முதல் வருஷம் எங்கள் விளைச்சலைப் பார்த்து, நிலத்தைத் தானே பயிர் செய்திருக்கலாம் என்று அவர் நினைத்திருப்பாரோ? பயத்தில் இருக்கும் மனசுக்குக் குற்றம் சொல்ல ஒரு ஆள் தேவைப்படுகிறது. கையெட்டும் தூரத்தில் அவர்தான் இருந்தார்.

மறுநாள் காலை அவர் சட்டியோடு வந்தபோது நான் வாய்க்கால் ஓரத்தில் நின்றேன்.

"அம்மா, தெனமும் காலையில இதுல என்னமோ ஊத்துறீங்களே. அது எங்க பாத்திக்குத்தான் வருது."

"அரிசி கழுவின தண்ணி," என்றார்.

"அரிசி கழுவின தண்ணியில செடி சாகுமா?"

அவர் சட்டியைக் கீழே வைத்தார். "நீ கேக்குறது என்ன? நேரா கேளு."

"ஏதாச்சும் கலந்து ஊத்துறீங்களோன்னு கேக்குறேன்."

"என்னோட நெலத்துல நானே நஞ்சு ஊத்துவேனா?"

"நெலம் உங்களோடது. கோவா எங்களோடது."

இந்தக் கடைசி வார்த்தையை நான் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. சட்டியில் இருந்த தண்ணீரைக் கோப்பிச் செடி ஒன்றின் அடியில் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வாய்க்கால் பக்கம் வரவில்லை. சாயங்காலத்தில் பலாக்கொட்டையோ ஒரு துண்டு கருப்பட்டியோ கொண்டுவந்து தந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார், அதுவும் நின்றது.

தண்ணீர் ஊற்றுவதை அவர் நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் கோவா வாடிக்கொண்டேதான் இருந்தது. அதைப் பார்த்த பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நஞ்சு மண்ணில் இறங்கிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நானா வண்டியோடு வந்த நாளில் அவருக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அவர் காலிக் கூடைகளை இறக்கவேயில்லை. இறங்கி வந்து பாத்தியைச் சுற்றி நடந்தார். நான் ஒரு வேரைப் பிடுங்கிக் காட்டினேன். கையில் வாங்காமல் குனிந்து பார்த்தார்.

"இது மேல பாத்தியிலயும் ஈக்குதா?"

"அது நல்லாத்தான் நிக்குது, நானா."

"அது நான் தந்த வெத. மத்த நாத்தெல்லாம் எங்கேந்து எடுத்த, தங்கச்சி?"

"பங்களாவுல, எங்க அண்ணங்கிட்ட."

"போஞ்சி போடு. போஞ்சி வாங்க ஆள் ஈக்குது," என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். போஞ்சி என்றால் பீன்ஸ்.

அவர் போன பிறகு நான் பாத்தி வரப்பில் உட்கார்ந்தேன். மேல் பாத்திதான் அம்மாவின் வாய்க்கால் தண்ணீர் முதலில் வந்து விழும் இடம். நஞ்சு என்றால் முதலில் சாக வேண்டியது அது. அது நின்றுகொண்டிருக்கிறது. எழுந்து வேலையை ஆரம்பித்தேன். அன்றைக்கு முழுவதும் நிலத்தில் எது முளைத்திருந்ததோ அதிலெல்லாம் ஒவ்வொன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தேன். மிளகாய் வேர் சுத்தமாக இருந்தது. கத்தரி வேர் சுத்தமாக இருந்தது. வரப்பில் தானாக முளைத்த போஞ்சியின் வேரில் சின்னச் சின்ன மணிகள் இருந்தன, பயந்துபோனேன். ஆனால் போஞ்சிக்கு அது எப்போதும் இருப்பதுதான், விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும், செடியும் பச்சையாக நிற்கும். நடுப்பாத்தி ஓரத்தில் நாங்கள் சமையலுக்குப் போட்ட முள்ளங்கியைப் பிடுங்கினேன். அதன் நுனி வேரில் கழலை. கீழே தண்ணீர் தேங்கும் மூலையில் நின்ற கோவாதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஒரே ஒரு இடத்தில் எனக்குக் குழப்பம் வந்தது. இரண்டாம் பாத்தியின் ஒரு கோடியில் ஏழு செடிகள் நன்றாக நின்றன. அவையும் பங்களா நாற்றுத்தான். ஒன்றைப் பிடுங்க இழுத்தேன், வரவில்லை. தோண்டி எடுத்தேன். வெள்ளை வேர், தலைமுடி போல மெல்லிய இழை, ஒரு ஓரத்தில் மட்டும் கடலை அளவு வீக்கம். மண்ணைப் பார்த்தேன், அங்கங்கே வெள்ளையாகக் கட்டி கட்டியாக இருந்தது. அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிங்களப் புத்தாண்டுக்கு அம்மாவின் வீட்டுக்கு வெள்ளையடிக்க என் வீட்டுக்காரர் அந்த இடத்தில்தான் குழி வெட்டிச் சுண்ணாம்பு நீற்றினார்.

மறுநாள் விடிந்ததும் மலைக்கு ஏறினேன். அண்ணன் பங்களாவின் பின்பக்கம் லீக்ஸுக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். முந்தானையில் முடிந்திருந்த வேரை அவிழ்த்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். கேட்பதற்கு முன்பே பதில் கிடைத்துவிட்டது.

"ஒங்களுக்கு இது தெரியுமாண்ணே?"

"தெரியும்மா. அந்தக் கீழ் மூலையில மூணு வருசமா இருக்கு. தொரை இத கைவெரலு காலுவெரலு நோவுன்னு சொல்லுவாரு. அவுங்க ஊருலயும் இருக்காம், மாட்டுக்குப் போடுற கெழங்குல வருமாம்."

"தெரிஞ்சுமா நாத்து தந்தீங்க?"

"சத்தியமா இல்ல. நாத்துப் போடுற தவறணைய வேற எடத்துலதான் போட்டேன். நாத்தும் பச்சையா நின்னுச்சு. ஆனா எரு..." என்று நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எரு அந்தக் குழியிலதான் எடுத்தேன். வீங்குன வேரெல்லாம் அதுலதான் போட்டிருந்தேன்."

அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் நின்று பார்த்தால், நானும் என் வீட்டுக்காரரும் செய்தது அதேதான். கோபத்தை வைக்க எனக்கு இடமில்லை.

அன்று அவர் தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். நோய் மண்ணில் இருக்கிறது, செடியில் இருந்து செடிக்குக் காற்றில் பறந்து போவதில்லை. மண் எங்கே போகிறதோ அங்கே போகும்: நாற்றின் வேரில், மண்வெட்டியில், காலில், ஓடும் தண்ணீரில், வீங்கின வேரைத் தின்ற மாட்டின் சாணியில். கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு என்று அந்த ஒரு குடும்பத்தைத்தான் பிடிக்கும். ஒரு தடவை விதைக்கு விட்டபோது கோவாவும் கடுகைப் போலவே மஞ்சளாய் நான்கு இதழில் பூத்ததாம். அதனால் அவை எல்லாம் சொந்தக்காரச் செடிகள் என்று துரை சொன்னாராம். வந்த செடிக்கு மருந்து கிடையாது. வராமல் பார்த்துக்கொள்ளலாம். பிடுங்கி எரிக்க வேண்டும், தண்ணீரை வடிக்க வேண்டும், நடுவதற்குப் பல வாரம் முன்பே மண்ணில் சுண்ணாம்பைக் கலக்க வேண்டும், வந்த இடத்தில் பல வருஷம் அந்தக் குடும்பத்தையே வைக்கக்கூடாது.

"கோப்பிக்கு வந்த மாதிரி மலை முழுக்கப் போகுமா?"

"போகாதும்மா. இந்தா பாரு, மூணு வருசமா அந்த மூலைக்குள்ளயே நிக்குது. நாமளே தூக்கிட்டுப் போனாத்தான் வெளிய போகும்."

இறங்கி வரும் வழியில் என் கால் லேசாக இருந்தது. பாதி வழி வந்த பிறகுதான் பாரம் ஏறியது. என் கோவாவைக் கெடுத்தவர் யாருமில்லை, தலையிலும் இடுப்பிலும் சுமந்துவந்தது நான். அதைப் போய்ச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று இருந்தது. நிலத்தைத் திருப்பிக் கொடு என்று அவர் சொன்னால் கொடுக்க வேண்டியதுதான்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் அம்மாவைத் தேடினேன். கீழே வயலோரம் கடுகுப் பாத்தியில் இருந்தார். கடுகுச் செடிகள் குட்டையாகி மஞ்சளடித்து நின்றன. அவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார். குவியலில் இருந்த வேர்களைத் தூரத்திலேயே கண்டேன். எங்கள் தண்ணீர் தன் வேலையைச் செய்திருந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த செடியைப் பிடுங்கினார்.

"அம்மா, நான் ஒங்களப் பேசினது தப்பு," என்றேன். "ஒங்க தண்ணியில ஒண்ணுமில்ல. இந்த நோவ நான்தான் மலையில இருந்து நாத்தோட கொண்டாந்தேன். எங்க பாத்தியில இருந்து எறங்கி இப்ப ஒங்க கடுகுக்கும் வந்துருச்சு."

அவர் கையில் இருந்த செடியின் வேரைத் திருப்பிப் பார்த்தார். "இது நோயா?"

"நோய்தான். மண்ணுல இருக்குற நோய்."

"வேற ஒண்ணும் இல்லயா? யாரும் செஞ்சது இல்லயா?"

"இல்லம்மா. பங்களா தொரை தோட்டத்துலயும் இருக்கு. நான் இப்ப பாத்துட்டு வாறேன்."

"அனே," என்றார், ஐயோ என்பது போல. அப்படியே வரப்பில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். அழுகிறார் என்று பயந்தேன். பிறகுதான் சொன்னார். கணவர் இறந்த அடுத்த வருஷம் பசு கன்று போடவில்லை, அதற்கடுத்த வருஷம் கோப்பிச் செடிகளில் பொடி வந்தது. இப்போது கடுகு. தன் வீட்டின் மேல் ஏதோ ஒன்று இறங்கியிருக்கிறது, அது தன்னிடமிருந்து எங்களுக்கும் தொற்றிவிட்டது என்று அவர் இத்தனை நாள் நினைத்திருக்கிறார். நான் வாய்க்காலில் நின்று கேட்டபோது அவருக்கு வந்தது கோபம் அல்ல. இவளுக்கும் தெரிந்துவிட்டதே என்ற பயம்.

"இது நெல்லுக்கு வருமா?"

"வராது."

"போஞ்சி? மொளகா?"

"வராது. நானே எல்லாத்தையும் புடுங்கிப் பாத்தேன்."

"கோப்பிக்கு?"

"கோப்பிக்கு வந்தது வேற. இது கடுகுச் சாதிக்கு மட்டுந்தான். மண்ணுல சுண்ணாம்பு கலந்தா கொறையும்."

அவர் நீண்ட மூச்சு விட்டார். "மண்ணு நோய்தானே," என்று இரண்டு தடவை சொன்னார். நிலத்தைப் பற்றி நான் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "சுண்ணாம்பு எவ்வளவு வேணும்?"

அந்த ஒரு கேள்வியில் என் நெஞ்சில் இருந்தது இறங்கியது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் கடுகை நானும் பிடுங்கினேன்.

அடுத்த நாட்கள் வேலைதான். வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவரைக் கூட்டிப் போய், சுண்ணாம்புக் குழியோரம் மிச்சம் நின்ற ஆறு செடிகளைக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகு மண்வெட்டியைக் கொண்டுபோய்க் கழுவி, காயவைத்து, கங்கில் காட்டி எடுத்தார். பிறகு எருக்குழியைத் தோண்டி, தான் போட்ட வேர்களையெல்லாம் தேடி எடுத்தார். முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டுதான் செய்தார். நோய் கண்ட செடிகளை வெயிலில் காயவைத்து, விறகு அடுக்கி, அந்த இடத்திலேயே எரித்தோம். பச்சைக் கோவா லேசில் எரியாது. இரண்டு நாள் புகைந்தது.

நானா கட்டுகஸ்தோட்டைக்கு அப்பாலிருந்த சூளையிலிருந்து சுண்ணாம்பு ஏற்றி வந்தார். வெற்றிலைக்கும் வீட்டுச் சுவருக்கும் வாங்குவார்கள், மண்ணுக்குத் தின்னக் கொடுக்க வாங்குகிறவர்கள் நாங்கள்தான் முதல் என்று சூளைக்காரர் சொன்னதாகச் சொல்லிச் சிரித்தார். கட்டியைத் தண்ணீர் தெளித்து நீற்றி, பொடியாக்கி, காற்று இல்லாத காலை நேரத்தில் தூவினோம். அது சுடும் என்று தெரியாமல் வெறுங்கையால் அள்ளி என் விரல் இடுக்கெல்லாம் வெந்துபோனது. அம்மா தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு, அகப்பை ஒன்றைக் கையில் தந்தார்.

கீழ் மூன்று பாத்தியிலும் கோவாவை விட்டுவிட்டோம். அங்கே போஞ்சி, மிளகாய், கத்தரி. தண்ணீர் தேங்கிய மூலையில் வடிகால் வெட்டி, அது கடுகுப் பாத்திக்குள் போகாமல் சுற்றி ஓடும்படி செய்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் அம்மா தரிசாக வைத்திருந்த ஒரு துண்டை எங்களுக்குப் புதிதாகக் கொடுத்தார். நோய் மண்ணுக்கு மேலே இருந்த நிலம், தண்ணீர் அங்கே ஏறிப் போகாது. உயரமாகப் பாத்தி கட்டி, சுண்ணாம்பு கலந்து, மழை இரண்டு தடவை நனைக்கும் வரை காத்திருந்தோம். நாற்றை யாரிடமும் வாங்கவில்லை. நானாவின் விதையை அங்கேயே போட்டேன். கீழே வேலை செய்தால் காலையும் மண்வெட்டியையும் கழுவாமல் மேலே ஏறுவதில்லை. பசுவுக்குக் கோவா இலை போடலாம், வேர் போடக்கூடாது. இதையெல்லாம் அம்மா எங்களைவிடக் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டார். ஒரு தடவை நானாவையே வாசலில் நிறுத்திக் கால் கழுவ வைத்தார்.

என் வீட்டுக்காரர் தகடு தேடித் தோண்டினாரே, அந்த மேல் பாத்தியைப் பற்றித்தான் எனக்குப் பயம் இருந்தது. அறுவடையில் ஒவ்வொரு வேராகப் பார்த்தேன். அவர் முதலில் மண்வெட்டி போட்ட மூலையில் மட்டும் நான்கு செடியில் கழலை இருந்தது. மற்றதெல்லாம் சுத்தம். மண்வெட்டி போன வழியை மண் அப்படியே எழுதிக் காட்டியது போல இருந்தது. அவரும் பார்த்தார். "நல்லவேள, நாலு மூலையோட நிறுத்துனேன்," என்றார். அந்த வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

போஞ்சி எங்களைக் காப்பாற்றியது. நானா சொன்னபடி வாங்க ஆள் இருந்தது. அடுத்த பருவத்தில் புதுப் பாத்தியில் கோவா நட்டோம். ஆறாவது வாரம் வந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உச்சி வெயிலில் போய் நின்று பார்ப்பேன். இலைகள் விறைப்பாக நிற்கும். அப்படியும் மனசு ஆறாமல், கட்டத் தொடங்கியிருந்த நல்ல செடி ஒன்றை அம்மாவும் நானும் சேர்ந்து தோண்டினோம். வேரைத் தண்ணீரில் அலசினோம். வெள்ளை வெளேரென்று, இழை இழையாக, ஒரு முடிச்சு இல்லாமல் தண்ணீரில் மிதந்தது.

"லஸ்ஸனாய்," என்றார் அம்மா. அழகாயிருக்கிறது என்று அர்த்தம். ஒரு வேரைப் பார்த்து அப்படிச் சொன்னவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். தோண்டிய செடியை வீணாக்காமல் அன்றைக்கே தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினார். மூன்று பேரும் அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நோய் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். நான்கு வருஷம் கழித்து, போதும் என்று நினைத்து, கீழ்ப் பாத்தியில் கொஞ்சம் கடுகு தூவினோம். மறுபடியும் கழலை. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு, இன்னும் கொஞ்ச வருஷம் போஞ்சி. ஏழாவது வருஷம் பத்துச் செடி வைத்துப் பார்த்தோம், இரண்டில் சின்ன முடிச்சு, எட்டு நல்லாயிருந்தது. அதற்குள் மலையில் கோப்பி முழுவதும் போய்விட்டது. அண்ணன் இருந்த பங்களாவில் வேறு துரை வந்து, சரிவெல்லாம் தேயிலை வைத்தார்கள். அண்ணன் தன் எருக்குழியை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டினார். நாற்றுக் கேட்டு யார் வந்தாலும் முதலில் ஒன்றைப் பிடுங்கி வேரைக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பார்.

இதை எழுதும் என் மகள் பிறந்தது அந்த ஏழாவது வருஷத்தில்தான். பிரசவத்துக்கு அம்மாதான் கூட இருந்தார். எழுதுகிறவள் இந்த இடத்தில் நிறுத்தி, நான் பிறந்ததைக் கோவாக் கதையில் ஏன் சேர்க்கிறாய் என்று கேட்கிறாள். நாங்கள் அந்த நிலத்தை விட்டுப் போகாமல் இருந்ததால் சேர்க்கிறேன் என்று சொன்னேன். சரி என்று எழுதிவிட்டாள்.